தரம் 3க்கு ஒரு வாரம்: நேரசூசியா, தொனிப்பொருளா, குழுச் சுழற்சியா?

ஆரம்பப் பிரிவில் படிப்பிக்கும் எவரும் தவணைத் தொடக்கத்தில் இந்த முடிவை எடுத்தே ஆக வேண்டும். கையில் ஐந்து நாட்கள், முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகள், ஒரு வகுப்பறை. செயற்பாடுகளை எப்படிப் பரப்புவது? நேரசூசிப்படி பாடம் பாடமாகப் போய், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னச் செயற்பாட்டை வைக்கலாம். ‘நீர்’ என்றோ ‘சந்தை’ என்றோ ஒரு தொனிப்பொருளை எடுத்து, வாரம் முழுவதையும் அதைச் சுற்றி அமைக்கலாம். அல்லது வகுப்பை ஐந்து குழுக்களாக்கி, ஐந்து வேலைகளை வைத்து, நாளுக்கு ஒன்றாகச் சுழற்றலாம். மூன்றுக்கும் ஆசிரியர் அறையில் ஆதரவாளர்கள் உண்டு. மூன்றையும் செயற்பாட்டு முறை என்றுதான் பாடக்குறிப்பில் எழுதுகிறோம். ஆனால் வெள்ளிக்கிழமை மணி அடிக்கும்போது மூன்றும் நம் கையில் தருவது ஒன்றல்ல.

நான் அளக்கும் கோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை தூக்காத, சத்தம் போடாத, நடு வரிசையில் இருக்கிற அந்தப் பிள்ளைக்கு என்ன வருகிறது, எது வரவில்லை என்று வார முடிவில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவரில் தொங்கும் படங்களும் கொப்பி நிறைந்திருப்பதும் அதற்குப் பிறகுதான். வேறு அளவுகோல் வைத்திருப்பவர்கள் என் முடிவை ஏற்க வேண்டியதில்லை.

தரம் 3ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. இலங்கையின் ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1999இல் நாடு முழுவதற்கும் வந்தது. அப்போது ஆரம்பப் பிரிவை மூன்று முதன்மை நிலைகளாகப் பிரித்தார்கள்: தரம் 1உம் 2உம் ஒன்று, 3உம் 4உம் அடுத்தது, தரம் 5 தனி. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை மூன்றும் எல்லா நிலையிலும் இருக்கும். முதல் நிலையில் விளையாட்டுக்கு முதலிடம், கடைசி நிலையில் எழுத்து வேலைக்கு. நடு நிலையில் மூன்றும் சமம். ஆங்கிலமும் இங்கேதான் முறையான பாடமாகிறது. ஆகவே தரம் 1க்கு எந்தத் திட்டமும் ஓடிவிடும், தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். ஆசிரியர் உண்மையாகத் தேர்ந்தெடுக்க இடமிருப்பது நடுவில்தான்.

கொழும்பின் தமிழ்மொழி மூல வகுப்புகளுக்கென்று சில நெருக்கடிகளும் இருக்கின்றன. ஒரே வகுப்பில் சைவப் பிள்ளை, கத்தோலிக்கப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்று எல்லோரும் இருப்பார்கள். சமயப் பாடவேளை வந்ததும் வகுப்பு மூன்றாக, நாலாகப் பிரிந்து வெவ்வேறு அறைகளுக்குப் போய்விடும். ஆங்கிலத்துக்கும் சிங்களத்துக்கும் பெரும்பாலும் வேறு ஆசிரியர்கள் வருவார்கள், அவர்களுடைய நேரத்துக்குள் நாம் நீள முடியாது. கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி பக்கம் போனால் மாடிக்கு மாடி வகுப்பு. சில இடங்களில் இரண்டு வகுப்புக்கு நடுவே இருப்பது ஒரு தட்டி மட்டும்தான். இதற்கு மேல், மாதந்தோறும் பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறை. இணையத்தில் கிடைக்கும் அழகழகான வாரத் திட்டங்களைப் பார்த்தால், ஒரே ஆசிரியர் காலையிலிருந்து மாலை வரை இருபது பிள்ளைகளோடு ஒரே அறையில் இருக்கிறார். நல்லதுதான், ஆனால் நமக்கு அது உதவாது.

சரி, நேரசூசியிலிருந்து தொடங்குவோம். இதைப் பழைய முறை என்று ஒதுக்குகிறவர்கள் அதன் பலத்தைக் கவனிப்பதில்லை. எதுவும் விடுபடாது. நீங்கள் லீவு எடுத்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து, புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அதிபர் கேட்டால் எந்தத் தேர்ச்சி முடிந்தது, எது மிச்சம் என்று உடனே காட்டலாம். அம்மாமாருக்குக் கொப்பியில் திகதி போட்ட வேலை தெரியும். கொழும்பில் தரம் 3இலேயே டியூசன் வகுப்பு தேடுகிற வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

குறை எங்கே என்றால், நேரத்தில். பணம் பற்றிய கணிதப் பாடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையில் வெட்டிய 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களை நாற்பது பேருக்கும் பங்கிட வேண்டும். பங்கிட்டு முடிய, கீழே விழுந்த ஒரு ரூபாயைத் தேடி மூன்று பேர் மேசைக்கு அடியில் இருப்பார்கள். 18 ரூபாயை நாலு நாணயத்தில் தருவது எப்படி என்று கேட்டால் பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று பலரும் அடுக்கிவிடுவார்கள். அதையே ஐந்து நாணயத்தில் தா என்று கேட்கும்போதுதான் வகுப்பு அமைதியாகிறது. பத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு ஐந்து வைக்கலாம் என்பது விரல்களுக்குத் தெரியவர நேரம் எடுக்கும். மணி அடிப்பது சரியாக அந்த இடத்தில். நாணயங்களைத் திரும்பப் பெட்டியில் போட வைத்து, விடையைப் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான். நடு வரிசைப் பிள்ளை அதை அழகான எழுத்தில் பார்த்தெழுதும். கொப்பியைத் திருத்தும்போது அவளும் சரி, கண்டுபிடித்தவனும் சரி.

தொனிப்பொருள் வாரத்தில் மணி இப்படி அடிக்காது, அடித்தாலும் கேள்வி அடுத்த பாடவேளைக்கு நடந்துபோகும். ‘நீர்’ சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் எப்படியும் வருகிற தொனிப்பொருள், கொழும்புக்குப் பொருத்தமும்கூட. திங்கட்கிழமை ஒரே கேள்வி: உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வெள்ளவத்தைத் தொடர்மாடிப் பிள்ளை மொட்டை மாடி டாங்கியிலிருந்து என்று சொல்லும். டாங்கிக்கு? மோட்டர் ஏற்றும். மோட்டருக்கு? வோச்சர் அங்கிள் போடுவார். பிள்ளைக்குத் தெரிந்த வழி அதோடு முடிந்துவிடும். அங்கிருந்து குழாயைப் பின்தொடர்ந்து அம்பத்தளைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகலாம், களனி கங்கைக்குப் போகலாம். ஆங்கிலேயர் காலத்து லபுகம நீர்த்தேக்கத்தையும் அதன் அயலில் உள்ள களட்டுவாவையும் படத்தில் காட்டலாம்.

களனி கங்கை ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடி, மட்டக்குளிக்கு அருகே கடலில் சேர்கிறது. அதன் மேற்பகுதியில் கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் வந்து சேர்கின்றன. கொழும்பு வகுப்புகளில் மலையகத்தில் மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் அப்பம்மா வீடு உள்ள பிள்ளைகள் நாலைந்து பேராவது இருப்பார்கள். விடுமுறைக்குப் போய்க் குளித்த ஓயாவின் தண்ணீர்தான் கீழே வந்து கொட்டாஞ்சேனைக் குழாயில் வருகிறது என்று தெரியும்போது, அதுவரை வாய் திறக்காத பிள்ளை எழுந்து நின்று பேசும். எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்த இடத்துக்குப் பக்கம் ஒதுக்க முடியாது.

செவ்வாய் அளத்தல். செலவே இல்லாத சாமான், பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்கள். அதில் அச்சடித்த அளவைக் கையால் மறைத்துவிட்டு, எது அதிகம் கொள்ளும் என்று வரிசைப்படுத்தச் சொன்னால், ஒல்லியான உயரப் போத்தலை முன்னால் வைப்பார்கள். பிறகு ஒரே குவளையால் ஊற்றி எண்ணிப் பார்க்கட்டும். குட்டையான தடித்த போத்தல் வென்றதும் ஒருவன் குவளையைச் சரியாக நிரப்பவில்லை என்று சண்டைக்கு வருவான். அந்தச் சண்டைதான் பாடம். புதன்கிழமை மொழிக்கு, ‘நான் ஒரு மழைத்துளி’ கட்டுரை வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வீடு ஒரே வழிகாட்டிப் புத்தகத்திலிருந்து ஒரே மழைத்துளி வரும். குழாய்க்கு மேலே ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதச் சொல்லுங்கள். இரண்டே வரி, யார் படித்தாலும் விளங்க வேண்டும், ஆனால் யாரையும் ஏசக்கூடாது. அதில் எத்தனை முறை அழித்து எழுதுகிறார்கள் என்று பாருங்கள்.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்ல வேண்டும். கணிதத்தைத் தொனிப்பொருளுக்குள் இழுக்கலாம், ஆனால் இரண்டு நாளுக்கு மேல் இழுத்தால் அது கணிதமாக இருக்காது. வாய்ப்பாடும் கழித்தலும் தண்ணீருக்குள் இறங்க மறுக்கும். சமயப் பாடவேளையில் வகுப்பு சிதறும்போது தொனிப்பொருளும் சிதறும். போயாவுக்கு ஒரு நாள் போனால் கோர்வையில் ஒரு கண்ணி கழன்றுவிடும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, வெள்ளிக்கிழமைக் காட்சிப்படுத்தல். வியாழன் இரவு வட்ஸ்அப் குழுவில் அம்மாமார் பிரிஸ்டல் போட்டின் (தடித்த அட்டையின்) நிறம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். மறுநாள் வருகிற படத்தின் ஓரங்களைப் பார்த்தாலே யார் வெட்டியது என்று தெரிந்துவிடும். குழு வேலையிலும் பேசத் தெரிந்த இரண்டு பேர் எழுத, மற்றவர்கள் நிறம் தீட்டுவார்கள். வாரம் இனிமையாகப் போயிருக்கும். ஆனால் நிறம் தீட்டியவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்தது, அவர்கள் கோட்டுக்கு வெளியே போகாமல் தீட்டுவார்கள் என்பது மட்டும்தான்.

வெளியே கூட்டிப்போவது பற்றியும் இங்கே சொல்லிவிடலாம், ஏனென்றால் தொனிப்பொருள் வாரம் என்றதும் எல்லோரும் கேட்பது தெஹிவளை மிருகக்காட்சிசாலையைத்தான். போகலாம். அதிபரிடம், வலயக் கல்வி அலுவலகத்தில் அனுமதி எடுத்து, பஸ் பேசி, காசு சேர்த்து, இரண்டு மூன்று அம்மாமாரையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு போகலாம். 1877இலிருந்து நிற்கும் கொழும்புத் தேசிய அரும்பொருட்காட்சியகமும் பக்கத்து விகாரமகாதேவிப் பூங்காவும் ஒரே நாளில் முடியும். ஆனால் அது ஒரு வாரத்தின் செயற்பாடல்ல, ஒரு தவணையின் நிகழ்வு. வாரத் திட்டத்துக்குள் வைப்பதென்றால் நடந்துபோய், அடுத்த பாடவேளைக்குள் திரும்பி வரக்கூடிய இடம் போதும். பாடசாலை மாடியில் எந்த மூலையில் நின்றால் தாமரைக் கோபுரம் தெரிகிறது, அது எந்தத் திசை என்று பார்த்துவிட்டு வருவதுகூட ஒரு நல்ல வெளிக்களப் பாடம்தான்.

இனிக் குழுச் சுழற்சி. காலை முதல் இரண்டு பாடவேளை மட்டும். குழுவுக்கு எட்டுப் பேர், ஐந்து மேசை, ஐந்து வேலை. இன்று தாமரைக் குழு ஆசிரியரோடு வாசிப்பு, மல்லிகைக் குழு நாணயங்கள், மூன்றாவது குழு சொல் அட்டைகளை வைத்து வாக்கியம் அமைத்தல், நாலாவது பாம்பும் ஏணியும், ஐந்தாவது பயறு முளைப்பதைப் பார்த்து வரைதல். நாளைக்கு ஒவ்வொரு குழுவும் அடுத்த மேசைக்கு நகரும். முதலில் தெரிவது சிக்கனம். நாணயம் நாற்பது பேருக்கு வெட்ட வேண்டாம், எட்டுப் பேருக்குப் போதும். தாளும் அப்படித்தான். 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதைக் கண்டவர்கள், ஒரு செயற்பாட்டுக்கு எத்தனை தாள் போகும் என்று முதலில் கணக்குப் பார்ப்பார்கள். நாணய மேசையில் 18 ரூபாய்க்குத் தேவையான நேரம் முழுவதும் கிடைக்கும். பாம்பும் ஏணியும் விளையாட்டில் இரண்டு தாயக்கட்டை கொடுத்து, கூட்டியோ கழித்தோ எது லாபமோ அதன்படி நகரலாம் என்று விட்டால், பாம்பின் வாய்க்குத் தப்புவதற்காகவே கழித்தல் பழகிவிடும்.

ஆனால் இந்த முறையை நான் ஆதரிப்பது வாசிப்பு மேசைக்காக. நாளுக்கு எட்டுப் பேர், ஒவ்வொருவராக அரைப் பக்கம் சத்தமாக வாசிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வர வகுப்பில் உள்ள ஒவ்வொரு குரலையும் கேட்டிருப்பேன். பாடப்புத்தகம் வேண்டாம். வீட்டில் பத்து முறை சொல்லிக்கொடுத்திருப்பார்கள், கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிக்கிற பிள்ளைகள் உண்டு. பிஸ்கட் பக்கற்றின் பின்பக்கத்தைக் கொடுங்கள். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் அதில் இருக்கும். தமிழை வாசி என்று சொன்னால், ‘குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைக்கவும்’ என்ற வரியில் கொப்பி முழுக்கச் சரி வாங்கிய பிள்ளை ‘உல…’ என்று நிற்கும். ர் என்ற எழுத்துக்கு மேலே உள்ள புள்ளியை அவள் இதுவரை கவனித்ததே இல்லை என்பது அந்த நொடியில் தெரியும். இன்னொருவன் தமிழை விட்டுவிட்டுப் பக்கத்தில் உள்ள சிங்கள வரியைச் சரளமாக வாசிப்பான். அதுவும் தெரியவேண்டிய செய்திதான். வீட்டில் ஒரு மொழி, ஸ்கூல் வேனில் இன்னொன்று, கார்ட்டூனில் மூன்றாவது என்று வளர்கிற பிள்ளைக்கு எங்கே கைகொடுக்க வேண்டும் என்பதை இந்த மேசைதான் சொல்லும்.

சுழற்சியின் மேல் சொல்லப்படும் குற்றம், வேலைகளுக்கிடையே தொடர்ச்சி இல்லை என்பது. பாதி உண்மை. இரண்டாவது வேலையைச் செய்யாமல் மூன்றாவது விளங்காது என்றால் சுழற்சி உடைந்துவிடும், ஆகவே ஐந்தும் தனித்தனியே நிற்க வேண்டும். ஆனால் பயறு மேசையைப் பாருங்கள். திங்கட்கிழமை ஈரப்பஞ்சில் வைத்த பயறு, முதல் குழுவுக்கு வெறும் பயறுதான். செவ்வாய்க் குழு ஊதிப்போன பயறைக் காணும், புதன் குழு வேரை, வெள்ளிக் குழு தண்டை. ஒவ்வொரு குழுவும் தான் கண்டதை மட்டும் ஒரே அட்டையில் வரைந்தால், முழுக் கதையையும் அறிய மற்ற நாலு குழுவிடமும் கேட்க வேண்டி வரும். தொனிப்பொருள் வாரத்தில் வலிந்து உண்டாக்குகிற கலந்துரையாடல் இங்கே தானாக நடக்கும்.

மற்றக் குற்றச்சாட்டு சத்தம். அதற்கு மறுப்பே இல்லை. தட்டி வகுப்பில் ஐந்து மேசை ஒரே நேரத்தில் பேசினால் பக்கத்து ஆசிரியரோடு மனத்தாங்கல் நிச்சயம். ஐந்தில் இரண்டு வேலையாவது வாய் பேசாமல் செய்கிற வேலையாக இருக்கட்டும். தவணையின் முதல் ஓரிரு வாரம் பாடம் ஒன்றும் நகராது. ‘மிஸ், முடிஞ்சுது’ என்று வாசிப்பு மேசைக்கு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதிலேயே போய்விடும். முடிந்தவர் அடுத்து என்ன எடுக்க வேண்டும் என்பது மேசையிலேயே இருந்தால் இது குறையும். போயா வந்தால் அந்த நாளின் சுழற்சி அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான். எந்தக் கண்ணியும் கழலாது.

குழு பிரிப்பதில் மட்டும் ஒரு கவனம். வாசிப்புக்கு ஏறத்தாழ ஒரே மட்டத்தில் உள்ளவர்களைச் சேர்ப்பதுதான் எனக்குச் சரி. இல்லையென்றால் தடுமாறுகிற பிள்ளை அடுத்தவள் சொல்வதைக் கேட்டுச் சொல்லிவிடும். ஆனால் எந்தக் குழு எந்த மட்டம் என்பது ஆசிரியரின் குறிப்புப் புத்தகத்தோடு நிற்க வேண்டும். ‘மெல்லக் கற்போர் குழு’ என்று வகுப்பில் ஒருமுறை வாய் தவறிச் சொன்னாலும் அது ஸ்கூல் வேன் வரை போய்விடும். மாதத்துக்கு ஒருமுறை கலைத்து அடுக்கினால் பிள்ளைகளும் கணக்குப் பார்க்கமாட்டார்கள்.

நாலாவதாக ஒரு யோசனையும் உலாவுகிறது. நாலு நாள் புத்தகம், வெள்ளி மட்டும் செயற்பாட்டு நாள். எனக்கு உடன்பாடில்லை. வெள்ளிக்கிழமை வரவு குறைவு, ஜும்மா தொழுகைக்கு நேரத்தோடு போகிற பிள்ளைகளும் இருப்பார்கள், நீண்ட வார இறுதி வந்தால் அரை வகுப்பு ஊருக்குப் போயிருக்கும். அதோடு செயற்பாடு ஒரு பரிசாக மாறிவிடுகிறது. குழப்படி செய்தவனை அன்று ஓரத்தில் இருத்திவிடுவோம், அவனுக்குத்தான் அது அதிகம் தேவை.

ஆகவே என் தெரிவு இது. வழக்கமான வாரங்களில் காலை இரண்டு பாடவேளையும் தமிழுக்கும் கணிதத்துக்கும் குழுச் சுழற்சி, மிச்ச நேரமெல்லாம் நேரசூசிப்படி. சமயம், ஆங்கிலம், சிங்களம் எதையும் தொட வேண்டாம். தவணைக்கு ஒருமுறை ஒரு முழுத் தொனிப்பொருள் வாரம், வெள்ளிக்கிழமைப் பிரிஸ்டல் போட் இல்லாமல். காட்ட வேண்டும் என்றால் குழாய்க்கு மேலே ஒட்டிய அறிவித்தலைக் காட்டுங்கள். வகுப்பில் இருபதுக்கும் குறைவான பிள்ளைகள் இருந்தால் இதை அப்படியே திருப்பிப் போடலாம். அங்கே ஒவ்வொரு குரலும் தொனிப்பொருள் வாரத்திலேயே கேட்கும். முதல் நியமனம் பெற்று வந்த ஆசிரியருக்கு நான் ஐந்து மேசையைச் சொல்லமாட்டேன். நேரசூசியை அப்படியே வைத்துக்கொண்டு, வாசிப்பு மேசை ஒன்றை மட்டும் தொடங்கட்டும். எட்டுப் பேர் வாசிக்கும்போது மற்றவர்களுக்கு எழுத்து வேலை இருந்தால் போதும்.

வீட்டாருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. சுழற்சி வாரத்தில் கொப்பியில் எழுத்து குறைவாகத்தான் இருக்கும். மிஸ் ஒன்றும் எழுதுவிக்கவில்லை என்ற பேச்சு கிளம்பும். கூட்டத்தில் விளக்குவதைவிட, பிள்ளை எந்த வரியில் நின்றது, இப்போது எதை வாசிக்கிறது என்று கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அனுப்புவது பலன் தருகிறது. புலமைப்பரிசில் பற்றிக் கவலைப்படுகிற அம்மாவுக்கும் அந்த வரி விளங்கும், வினாவை வாசித்து விளங்காத பிள்ளைக்கு எந்த மாதிரி வினாத்தாளும் உதவாது என்று அவருக்கே தெரியும்.

நீர் வாரத்தை எப்போது வைப்பது? மூன்றாம் தவணையில், ஒக்டோபர் அல்லது நவம்பரில், நாட்காட்டியில் போயா இல்லாத வாரமாகப் பார்த்து. கொழும்பில் அந்த நாட்களில் மழை பெரும்பாலும் பின்னேரம்தான் கொட்டும். பிளாஸ்டிக் போத்தலின் மேற்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, பக்கத்தில் அடிமட்ட அளவு ஒட்டி முற்றத்தில் வைத்தால், காலை 7.30க்கு நேற்றைய மழை அளப்பதற்குத் தயாராக இருக்கும். இரண்டு பக்கமும் செங்கல் வையுங்கள், காகம் சும்மா விடாது. அளந்தவுடன் தண்ணீரைக் கொட்டிவிடுவதை ஒரு பிள்ளையின் பொறுப்பாக்குங்கள். டெங்கு காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால், அது விஞ்ஞான உபகரணம் என்று சொல்லித் தப்ப முடியாது.